முன்தேதி

போன ஆடியில் ஒரு நாள் சாயங்காலம், கட்சிக்காரர்கள் எல்லாரும் போய், குமாஸ்தா அண்ணன் மறுநாள் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்தார். சின்ன விஷயம்தான். அப்பா இறந்த பிறகு 2009இல் அவரும் அவர் தம்பியும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் வாய்மொழியாகவே நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு இருக்கிற வடக்குப் பக்கம் தம்பிக்கு, தென்னை நிற்கிற தெற்குப் பக்கம் இவருக்கு. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சண்டை இல்லை. தண்ணீர்கூட முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். இப்போது ஏதோ ஓர் அலுவலகத்தில் கடன் கேட்கப் போனால், "பாகம் பிரிச்சதுக்குப் பத்திரம் எங்கே?" என்கிறார்கள். பத்திரம் என்று ஒன்று எழுதவே இல்லை. யாரோ யோசனை சொல்லி, 2009ஆம் வருடத்துத் தேதியும் முத்திரையும் பின்பக்கம் விழுந்த பழைய முத்திரைத்தாளை, அதன் விலைக்குப் பல மடங்கு கொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் ஃபைலில் வைத்து என்னிடம் கொண்டுவந்திருந்தார். "தேதியை மட்டும் அன்னைக்குப் போட்டுக் கொடுத்துருங்க சார். தம்பியும் கையெழுத்துப் போட வர்றான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். முன்தேதிப் பத்திரத்தால் சீரழிந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல பிரசங்கம் செய்தேன். ஒரு காகிதத்தில் ஒரு தேதி பொய் என்றால் அதில் உள்ள எல்லாமே பொய் என்றாகிவிடும், கூண்டில் ஏறினால் ஒரு குறுக்கு விசாரணைக்குத் தாங்காது, சட்டம் என்றால் முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் போய் ஒட்டுப்போடக் கூடாது என்றெல்லாம். வகுப்பில் கடைசி வரிசைப் பையன் பேசுவதைக் கேட்பதுபோல அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒத்துக்கிறேன் சார். எங்க தொகுதிக்கு எம்எல்ஏவா இருந்தவர் வைத்தியநாதய்யர். அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள ஆளுகளைக் கூட்டிட்டுப் போனது ஜூலை மாசம். சட்டம் வந்தது செப்டம்பர்ல. ஜூலையில நடந்ததுக்கும் சேர்த்துத்தான அதுல எழுதுனாங்க? அது மட்டும் என்ன கணக்கு?"

"அது வேற, இது வேறங்கய்யா" என்றேன். பதில் தெரியாத வக்கீல் சொல்கிற பதில் இது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வைத்தியநாத ஐயரைப் பற்றி நானே ஒரு பள்ளிக்கூட விழாவில் பேசியிருக்கிறேன். 1939 ஜூலை 8, சனிக்கிழமை, காலை; ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவரான ஒரு மதுரை வக்கீல், கக்கன், முருகானந்தம், சின்னையா, முத்து உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்ட வகுப்பினரோடும் விருதுநகர் சண்முக நாடாரோடும் கோயிலுக்குள் போகிறார்; கூடவே எல். என். கோபாலசாமியும் போகிறார்; கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு தடுக்கவில்லை. எல்லாரையும் போல நானும் அதைத் தைரியத்தின் கதையாகத்தான் சொன்னேன். கைதட்டினார்கள். ஆனால் அவர் ஒரு வக்கீல் என்பதை அந்த மேடையில் ஒரு பட்டம் மாதிரி சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். வாத்தியார் என்னைப் பிடித்தது அந்த இடத்தில்தான். ஒரு வக்கீல் அந்த வாசலைத் தாண்டும்போது அவர் மண்டைக்குள் என்னென்ன வழக்குகள் ஓடியிருக்கும்?

கமுதி

ஓடியிருந்தால் முதலில் ஓடியது கமுதி வழக்காகத்தான் இருக்கும். 1897 மே மாதம் கமுதியில் இருளப்ப நாடாரும் அவரோடு சிலரும் கோயிலுக்குள் போனார்கள். அங்கேயும் சாமி மீனாட்சி சுந்தரேசுவரர்தான். கோயில் ராமநாதபுரம் சேதுபதியின் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதி பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் வழக்குப் போட்டார்: இவர்களுக்கு உள்ளே வர உரிமையில்லை என்று அறிவிக்க வேண்டும், தீட்டுக் கழிக்க ஆகிற செலவை இவர்களே தர வேண்டும். வழக்கு விசாரிக்கப்பட்டது இங்கே, மதுரை சப் கோர்ட்டில். 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. 1901இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடாமல் லண்டன் வரைக்கும் போனார்கள். அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சிலும் 1908இல் அதையேதான் சொன்னது.

இந்த வழக்கைச் சாதிச் சரித்திரமாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அதை ஒரு சிவில் வக்கீலின் கண்ணோடு மறுபடி யோசித்துப் பார்த்தேன். அதில் நின்றது ஒரே ஒரு தூண்: வழக்காறு. நம் கோர்ட்டு பாஷையில் மாமூல். யார் எதுவரைக்கும் வரலாம் என்பதைக் கோயிலின் மாமூல் முடிவு செய்கிறது. அந்த மாமூலை மாற்ற யாருக்கும், தர்மகர்த்தாவுக்கும் அதிகாரம் கிடையாது. ஏனென்றால் அவர் கோயிலுக்குச் சொந்தக்காரர் இல்லை, பொறுப்பாளர் மட்டும். இதன் அர்த்தம் என்ன? 1939இல் நாயுடு வாசலில் நின்று "வாங்க" என்று சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு காசு மதிப்பில்லை. மீனாட்சியைக் கும்பிடுகிற எந்த ஒரு ஆளும் மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போய், "என் கோயிலில் மாமூல் மீறப்பட்டது, தீட்டுக் கழிக்கச் செலவைக் கட்டச் சொல்லுங்கள், இனிமேல் நுழையக் கூடாது என்று தடை போடுங்கள்" என்று கேட்கலாம். கேட்டால், பிரிவி கவுன்சில் தீர்ப்பு இருக்கும்போது ஒரு சப் ஜட்ஜ் என்ன செய்ய முடியும்? தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது.

அந்தக் காலத்தில் ஜில்லா கோர்ட் திருமலை நாயக்கர் மகாலில் இருந்தது. 1970 வரைக்கும் அங்கேதான். அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே கறுப்பு அங்கியோடு வக்கீல்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை இன்றைக்கு ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். மகாலில் இருந்து கோயிலுக்கு நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்த ஊர் சப் கோர்ட்டில் பிறந்து லண்டன் வரை போய் வந்த ஒரு சட்டத்தை, இந்த ஊர் வக்கீலே, கால் மணி நேர நடைத் தூரத்தில் போய் மீறுகிறார். கூட வந்தவர்களில் ஒருவர் ஒரு நாடார். யாரும் சொல்லிவைத்து அப்படிச் செய்தார்களா எனக்குத் தெரியாது, ஆனால் எந்த வக்கீலும் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று: வைத்தியநாத ஐயர் தஞ்சாவூர்ப் பக்கத்து விஷ்ணம்பேட்டையில் 1890இல் பிறந்து, மதுரைக்கு வந்து படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் சேதுபதி பள்ளி. சேதுபதி பெயரில் படிப்பு, சேதுபதி பெயரில் ஒரு தீர்ப்பு. நம் ஊரில் எல்லாமே ஒன்றோடொன்று இப்படித்தான் பின்னிக் கிடக்கும்.

கதவு முதலில் எங்கே தட்டப்பட்டது

சட்டத்தை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் உள்ளே போயிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நானே வாத்தியாரிடம் சொன்ன பிரசங்கத்தின் நியாயப்படி அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அது நடக்காமல் இல்லை. 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மகாராஜா ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். 1937இல் சென்னையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. 1938இல் எம். சி. ராஜா சட்டசபையில் ஓர் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதுக்குமான மசோதா அது. ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. மலபாருக்கு மட்டும், கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஓட்டெடுத்து முடிவு செய்வதுபோல, தனியாக ஒரு சட்டம் வந்தது. ஆக, சட்டசபைக் கதவைத் தட்டியவர் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புத் தலைவர். கதவு திறக்கவில்லை. அடுத்த வருடம் மதுரையில் கோயில் கதவு திறந்த பிறகு, அதே சட்டசபை இரண்டே மாதத்தில் சட்டம் போட்டுவிட்டது. இதில் ராஜாஜியைத் திட்டவும் இடமிருக்கிறது, பாராட்டவும் இடமிருக்கிறது; நான் இரண்டையும் வேறு வேறு நாட்களில் செய்திருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது, அன்றைக்கு வைத்தியநாத ஐயர் எம்எல்ஏ இல்லை. வாத்தியார் சொன்ன மேலூர்த் தொகுதி விஷயம் 1946இல்தான். அவர் சட்டசபை உறுப்பினராக இருந்த காலத்தில், 1947இல், மாகாணத்தின் எல்லாக் கோயில்களுக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. சட்டம் செய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் கையைத் தூக்கியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. உட்காராதபோது நடந்ததைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

இரண்டு மாதம்

நான் கடைசியில் மாட்டிக்கொண்டது அந்த இரண்டு மாதத்தில்தான். ஜூலை 8இல் உள்ளே போய் வந்தார்கள். பட்டர்களில் ஒரு பகுதியினர் தீட்டுக் கழிக்காமல் பூஜை செய்யமாட்டோம் என்றார்கள், கதவைப் பூட்டினார்கள். தமிழ்ச் சங்கம் சாலையில் நடேச ஐயர் வீட்டில் மீனாட்சிக்கு இன்னொரு கோயிலே வைத்து வழிபாடு நடந்தது. நடேச ஐயரும் வக்கீல்தான். இது முக்கியம். எதிர்த் தரப்புக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எதிர்த் தரப்பின் கையில்தான் அன்றைக்குச் சட்டம் இருந்தது. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் நடேச ஐயர் ஜெயிப்பார், வைத்தியநாத ஐயர் தோற்பார். அந்த ஊரில் இதை மிக நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் அவர்கள் இரண்டு பேரும்தான்.

"பின்னால் சர்க்கார் இருந்ததே, அப்புறம் என்ன பெரிய துணிச்சல்?" என்று குறைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. சென்னையில் சொந்தக் கட்சி மந்திரிசபை இருந்தது உண்மை. போலீஸ் தடியடி நடத்தாது என்ற தெம்பு இருந்திருக்கலாம். ஆனால் சிவில் வழக்கை எந்தப் பிரதமரும் தடுக்க முடியாது. அன்றைக்கு மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள். பிரிவி கவுன்சில் தீர்ப்பை அவர் கையெழுத்துப் போட்டு ரத்து செய்ய முடியாது. அதற்குச் சட்டம்தான் வர வேண்டும். அந்த மந்திரிசபையும் அதிக நாள் இருக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் உலகப் போர் வந்தது. அக்டோபர் கடைசியில் ராஜாஜி ராஜினாமா செய்தார். சட்டம் வந்தது அந்த இடைவெளியில். "முதலில் சட்டம், அப்புறம் நுழைவு" என்று காத்திருந்தால், இன்னும் ஒரு ஏழெட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். காந்தி 1946 பிப்ரவரியில் மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலுக்குள் போனார். திறந்த கோயிலாக இருந்ததால்தான் போனார்.

தெம்பு, துணிச்சல் என்று பேசும்போது எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. வக்கீலுக்கு வழக்கு வரும், அபராதம் வரும், சொந்தச் சாதிக்காரர்கள் தள்ளி வைப்பார்கள். கூடப் போன மற்றவர்கள் அன்று சாயங்காலம் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்களே, அந்தத் தெருவில் அவர்களுக்கு என்ன காத்திருந்தது என்பதை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் கேட்கவில்லை. தும்பைப்பட்டிக் கக்கன் பின்னால் எம்.பி., மந்திரி என்று ஆனதால் அவர் பெயர் நிற்கிறது. மற்றவர்கள் ஒவ்வொரு வருடமும் ஜூலையில் நாளிதழில் ஒரு வரிப் பட்டியலாக வருகிறார்கள். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இன்டெம்னிட்டி

சரி, வாத்தியார் கேள்விக்கு வருகிறேன். 1939ஆம் வருடச் சட்டத்தின் பெயரிலேயே இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, ஆலய நுழைவு அனுமதி. கும்பிடுகிறவர்கள் பொதுவாக எதிர்க்கவில்லை என்று தோன்றினால், அரசின் ஒப்புதலோடு தர்மகர்த்தா கோயிலைத் திறந்துவிடலாம். இன்னொன்று இன்டெம்னிட்டி. பேங்க்கில் டெபாசிட் ரசீதைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றால் முத்திரைத்தாளில் ஒரு பாண்ட் எழுதி வாங்குவார்களே, அதே வார்த்தை. அங்கே "உங்களுக்கு ஏதும் நஷ்டம் வந்தால் நான் பொறுப்பு" என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். இங்கே அரசாங்கம், "இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் இவர்கள் செய்ததற்காக யாரும் இவர்கள்மேல் வழக்குப் போட முடியாது" என்று எழுதிக் கொடுக்கிறது.

முதலில் நான் எல்லா வக்கீல்களையும் போல அரசியல் சட்டத்தில் பதில் தேடினேன். 20ஆவது பிரிவு: ஒரு செயலைச் செய்த நாளில் அது குற்றமில்லை என்றால், பின்னால் சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கித் தண்டிக்க முடியாது. தண்டிக்கத்தான் பின்னோக்கிப் போகக் கூடாது. விடுவிக்கப் பின்னோக்கிப் போகலாம். நல்ல பதில்தான். ஒரு தேர்வில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் வாத்தியார் கேட்டது அதுவல்ல என்று உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அவரும் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லையே. 2009இல் உண்மையாக நடந்த ஒன்றைக் காகிதத்தில் கொண்டுவரத்தானே கேட்டார்.

ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் பெஞ்சுக்குப் போகும்போது பிடிபட்டது. அந்தச் சட்டம் ஜூலை 8ஆம் தேதியைத் தொடவே இல்லை. செப்டம்பர் தேதியைப் போட்டுக்கொண்டு, "இதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அது அன்றைக்குச் சட்டத்துக்கு உட்பட்டதில்லை, அதை நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தப்பே நடக்கவில்லை என்றால் இன்டெம்னிட்டி எதற்கு? வைத்தியநாத ஐயரும் அந்தக் காலையில் எதையும் மறைக்கவில்லை. பட்டப்பகலில், தன் பெயரோடு, கூட வந்தவர்கள் பெயரோடு, தேதியோடு செய்தார். சட்டம் அவரை "சட்டப்படிதான் நடந்தார்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் அது முன்தேதிப் பத்திரம். அவரும் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்டதாகத் தோன்றவில்லை. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செய்தேன் என்று வாதாடுவது ஒரு வக்கீலுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அந்த ஒரு வாதத்தை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் மாட்டுத்தாவணி தாண்டுவதற்குள் போய்விட்டது. ஏனென்றால் அதே மாதிரி ஒரு காகிதம் எங்கள் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. யாதாஸ்து. இன்றைய தேதியில், இன்றைய தாளில், "2009ஆம் வருடம் இன்ன மாதம், இன்னார் முன்னிலையில், நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பூர்வீக நிலத்தை வாய்மொழியாக இப்படிப் பிரித்துக்கொண்டு, அன்று முதல் தனித்தனியே அனுபவித்து வருகிறோம்" என்று நடந்ததை ஞாபகத்துக்காக எழுதிவைப்பது. ஏற்கெனவே முடிந்துபோன ஏற்பாட்டை வெறுமனே குறித்து வைக்கிற காகிதத்தைப் பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. கலே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் வருட ஜூனியருக்குத் தெரிந்த விஷயம். வாத்தியார் என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, பிரசங்கம் செய்கிற அவசரத்தில், இதை நான் சொல்லவே இல்லை. அவர் கொண்டுவந்தது பொய்யான தாள், ஆனால் உண்மையான விஷயம். நான் தாளை மட்டும் பார்த்தேன்.

குமாஸ்தா அண்ணனிடம் சொல்லி நம்பரைத் தேடி எடுத்து, அன்று சாயங்காலமே போன் செய்தேன். பேர் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். எடுத்த எடுப்பில் கோயில், கமுதி, செப்டம்பர் சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை "ஆங்" என்றார். கமுதி வழக்கு சப் கோர்ட்டில் நடந்தது என்றபோது மட்டும், "அது மதுரையிலயா?" என்று கேட்டார். அப்புறம் யாதாஸ்து விஷயத்தைச் சொல்லி, தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பீஸ் எதுவும் வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னணியில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, யார் முறையோ.

"அந்தப் பழைய தாளையே வேற ஒருத்தர்கிட்ட கொடுத்து எழுதிட்டோம் சார். ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. கடனும் வந்துருச்சு" என்றார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."